எயார்போர்ட் ஹயர் முடித்து விடியற்காலையில் மலை ஏறும் வேன்: வளைவு ரோட்டில் தூக்கம் வராது என்பது உண்மையா?

கேள்வி: தலவாக்கலை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். வாகனம் ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் இந்த விஷயத்தில் வீட்டில் என் பேச்சு எடுபடுவதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் சொந்தமாக வேன் வைத்திருக்கிறார். லீசிங் இன்னும் முடியவில்லை. காலையிலும் பகலிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அது போக வருகிற ஹயர் எதையும் விடுவதில்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டுபாய், சவூதி, கட்டார் என்று போகிறவர்கள் அதிகம். விமானம் பெரும்பாலும் நடுச்சாமத்தில் அல்லது விடியற்காலையில்தான் இருக்கும். சாயந்தரம் ஐந்து, ஆறு மணிக்கு இங்கிருந்து கிளம்பி, கட்டுநாயக்கவில் ஆளை இறக்கி, வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களை அதே வேனில் ஏற்றிக்கொண்டு உடனே திரும்புவார். அவிசாவளைக்கு வரும்போது இரண்டரை, மூன்று மணி. கினிகத்தேனை ஏறி, ஹட்டன் வழியாக வீடு வந்து சேரும்போது விடிந்துவிடும். முகத்தைக் கழுவி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஆறரைக்குப் பள்ளிக்கூட ஓட்டம்.

நான் வாயைத் திறந்தால் அவரிடம் ஒரே பதில்தான். "நேர் ரோட்டுலதான் தூக்கம் வரும். நம்ம ரோட்டுல வளைவுக்கு மேல வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டே இருக்கிறவனுக்கு எங்க தூக்கம் வரும்?" கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பொங்கல் முடிந்தும் மழை விட்டபாடில்லை. வட்டவளைப் பக்கம் பனி இறங்கினால் முன்னால் போகிற வாகனமே தெரிவதில்லை என்று அவரே சொல்கிறார். டித்வா புயலுக்குப் பிறகு மலைநாட்டு ரோடுகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

அவர் சொல்வது சரியா? மழையும் பனியும் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் இன்னும் மோசமாகுமா, அல்லது பயத்தில் ஆள் முழித்துக்கொள்வாரா? ஹயரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். மாதம் பிறந்தால் லீசிங்காரர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.


பதில்: ஓட்டோ தம்பி

அக்கா, சுவிங்கம் மெல்லச் சொல்லுங்க. நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.


பதில்: பழைய டிப்போக்காரன்

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நம்பிக் கெடுவது அந்தப் பாதியை வைத்துத்தான்.

நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஹட்டன் – கொழும்பு ரோடு எனக்குப் பகலைவிட இரவில்தான் அதிகம் பழக்கம். வளைவில் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் வேலை இருப்பதால் ஆள் முழிப்பாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் தூக்கம் கலைந்து போய்விடவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. வேலை குறைகிற முதல் இடத்தில் வந்து பிடிக்கும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வரை ஏற்றத்தில் வராது. வட்டவளைப் பனியில் வராது. ஹட்டன் டவுனைத் தாண்டி, மழை விட்டு, கிழக்கே லேசாக வெளுத்து, 'இனி வீடுதான்' என்று தோள் தளரும் பாருங்கள், அங்கே வரும். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில். கஷ்டமான ரோடு முழுவதையும் ஒழுங்காக ஓட்டிவிட்டு, லேசான இடத்தில் ரோட்டோரக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறக்கிய ஆட்களை அந்தப் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். கேட்டால் 'நாய் குறுக்கே வந்தது' என்பார்கள். எல்லோருக்கும் ஒரே நாய்.

அடுத்தது, தூக்கம் என்றால் கண் மூடுவது என்று நினைக்கிறோம். கண் மூடுவது கடைசி. அதற்கு வெகு முன்பே போவது முன்யோசனை. நல்லா முழிப்பாக இருக்கிற சாரதி இந்த வளைவில் இருக்கும்போதே அடுத்த வளைவை ஓட்டிக்கொண்டிருப்பான். இறக்கம் வருமுன்பே கியரைக் குறைத்து என்ஜினில் வண்டியைப் பிடித்து வைப்பான். தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்கு அந்த யோசனை ஒரு நொடி பிந்தி வரும். பிந்தி வந்தால் கியருக்கு நேரமில்லை, பிரேக்தான். இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் சூடேறி வாசம் வரும், அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. மலைநாட்டில் 'பிரேக் விட்டுப் போச்சு' என்ற கதைகளில் எத்தனை உண்மையில் பிரேக்கில் தொடங்கின, எத்தனை தூக்கத்தில் தொடங்கின என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

ஏற்றத்தில் வேறு மாதிரி. சீமெந்து லொறி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டு போவீர்கள். முன்னால் இரண்டு சிவப்பு லைட், வேறு ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் மூளை சும்மா இருந்துவிடும். அப்புறம் திடீரென்று உசுப்பிக்கொண்டு, வளைவு என்றும் பாராமல் வெட்டி முன்னே ஏறப் பார்ப்பார்கள். அது துணிச்சல் இல்லை, தூக்கத்திலிருந்து எழும்பியவன் செய்யும் காரியம்.

ஸ்டியரிங்கைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். முழித்திருப்பவன் கை ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும், அவனுக்கே தெரியாது. தூக்கம் ஏறியவன் கை அப்படியே நிற்கும். வண்டி கோட்டைத் தொட்டதும் வெடுக்கென்று இழுப்பான். காய்ந்த ரோட்டில் அதற்கு மன்னிப்பு உண்டு. மண்சரிவு மண் படிந்து, மேலேயிருந்து தண்ணீர் குறுக்கே ஓடும் ரோட்டில் அந்த ஒரு இழுப்பு போதும், பின் டயர் வழுக்கிவிடும்.

கணக்கும் சொல்கிறேன். மணிக்கு 30 கிலோமீற்றர் என்பது மலை ரோட்டில் நிதானமான வேகம். அந்த வேகத்திலேயே ஒரு செக்கனுக்கு 8 மீற்றருக்கு மேல் போகும். மூன்று செக்கன் அசந்தால் 25 மீற்றர், இரண்டு பஸ் நீளம். கினிகத்தேனை ஏற்றத்தில் 25 மீற்றருக்குள் ரோடு திரும்பிவிடும், நாம் திரும்பியிருக்க மாட்டோம். நேர் ரோட்டில் மூன்று செக்கன் தூங்கியும் பிழைத்தவன் இருக்கிறான். இங்கே ரோடு அந்த மூன்று செக்கனைத் தராது.

பனி பற்றிக் கேட்டீர்கள். பயத்தில் முழிப்பு வரும், உண்மைதான், கொஞ்ச தூரத்துக்கு. ஆனால் பனியில் ஓட்டுவது சும்மா ஓட்டுவதைவிட இரண்டு பங்கு வேலை. தேய்ந்த பற்றரியில் லைட், வைப்பர், ஹோர்ன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் என்ன நடக்கும்? எல்லாம் வேலை செய்யும், எல்லாம் மங்கலாக. தூக்கமில்லாதவன் பனியில் ஓட்டுவது அதுதான். கோட்டைப் பார்ப்பான், எதிரே வருவதைப் பார்க்கமாட்டான். எதிரே வருவதைப் பார்த்தால் கியர் மறந்துபோகும். இன்னொரு கெட்ட பழக்கம், முன்னால் போகிற வண்டியின் பின் லைட்டைப் பிடித்துக்கொண்டே போவது. அவன் ரோட்டில் போகிறான் என்று உங்களுக்கு யார் சொன்னது? பனியில் லைட்டைத் தாழ்த்திப் போட வேண்டும். உயர்த்திப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடிக்கொண்டே நாலு பக்க சிக்னலையும் போட்டுக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், வளைவில் அவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லயில் நடந்தது ஞாபகம் இருக்கும். கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை. நேரத்தை மட்டும் பாருங்கள். பொழுது விடியாத விடியற்காலை. உங்கள் வீட்டுக்காரர் மலை ஏறுகிற அதே நேரம்.

சரி, என்ன செய்வது? நிற்பதாக இருந்தால் கீழேயே நிற்க வேண்டும். அவிசாவளை, கரவனல்லை, யட்டியாந்தோட்டை வரை சமதளம் மாதிரி. பெற்றோல் செட் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஓரமாகப் போட இடம் இருக்கிறது. கித்துல்கலை கடைசி. அதற்கு மேலே தூக்கம் வந்தால் ஓரம் கட்டவே இடம் கிடையாது. ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் பள்ளம். அகலமான இடம் என்று பார்த்தால் அது மண் வெட்டிய மேட்டுக்கு அடியில் இருக்கும். மழை நாளில் அங்கே வேனைப் போட்டுவிட்டுத் தூங்குவது, தூங்கிக்கொண்டு ஓட்டுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆகவே 'மேலே போய்ப் பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது. அவிசாவளையில் உடம்பு தெம்பாக இருப்பதுபோல் தோன்றினாலும் படுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவனிடம் 'தூக்கம் வருகிறதா' என்று கேட்டால் சரியான பதில் வராது, அவன் அவனையே கேட்டாலும்.

கடைசியாக அந்தப் பள்ளிக்கூட ஓட்டம். மற்றதில் எல்லாம் முன்னே பின்னே பேசலாம், இதில் நான் இறங்கி வரமாட்டேன். இரவு எயார்போர்ட் போய் வந்த ஆள் காலையில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. அன்றைக்கு மட்டும் வேறொரு வேன்காரரிடம் ஓட்டத்தைக் கொடுக்கட்டும், அவருக்கு ஹயர் வரும்போது இவர் ஓட்டட்டும். கொடுக்கும் காசை ஹயர் விலையில் சேர்த்துக்கொள்ளலாம்.


பதில்: கந்தப்பளை மரக்கறி லொறி

அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பனியும் மழையும் எங்களுக்கு எதிரி இல்லை, நேரம்தான் எதிரி. லீக்ஸ், கரட், கிழங்கு எல்லாம் ஏற்றி முடியவே பொழுது சாய்ந்துவிடும். நுவரெலியா, றம்பொடை, புஸ்ஸல்லாவை, கம்பளை என்று இறங்கி, பேலியகொடை மார்க்கெட்டுக்கு வியாபாரம் தொடங்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். பிந்திப் போனால் விலை போய்விடும். வழியில் ஒரு மணித்தியாலம் படு என்றால் முதலாளி சிரிப்பார்.

ஆனால் தூக்கம் எங்கே பிடிக்கும் என்று அவர் சொன்னது அப்படியே சரி. பாரத்தோடு றம்பொடை இறங்கும்போது எனக்கு ஒரு நாளும் தூக்கம் வந்ததில்லை. ஏழு தொன் முதுகில் தள்ளிக்கொண்டு வரும்போது எப்படி வரும்? காசை வாங்கிக்கொண்டு வெறும் லொறியில் காலையில் திரும்பும்போது, வெயில் ஏறி, கேகாலை தாண்டி வருகிற நேரத்தில்தான் கண்ணைச் சுழற்றும். அதனால் நான் மார்க்கெட்டிலேயே லொறிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். திரும்பும்போது யாரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

கிளீனர் பையனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பாட்டுப் போடுவது இல்லை. என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டு வர வேண்டும். எத்தனை மூட்டை போச்சு, அந்த ஆள் எவ்வளவு பாக்கி, இப்படி. நான் உடனே பதில் சொன்னால் சரி. 'ம்?' என்று திருப்பிக் கேட்டால் ஓரம் கட்டச் சொல்லி அவன் கத்தலாம். முதலாளிக்கும் அந்த அதிகாரம் இல்லை, அவனுக்கு உண்டு.

இன்னொன்று. குறுக்கே போனால் நேரம் மிச்சம் என்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் இறங்க வேண்டாம். 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் செத்தார்கள். அது செங்குத்தான இறக்கம். தூக்கக் கலக்கத்தில் போகிற இடமே இல்லை.

மற்றபடி ஜன்னலைத் திறந்து குளிர்காற்று முகத்தில் பட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். வெற்றிலையும் போடுவேன்.


பதில்: நைட் டியூட்டி மிஸ்ஸி

நான் பதுளைப் பக்கம் வார்டில் வேலை செய்கிறேன். விபத்தில் வருகிறவர்களையும் பார்க்கிறேன், இரவு வேலை முடிந்து தூக்கத்தோடு பஸ் ஏறுகிற அனுபவமும் இருக்கிறது. அதனால் இரண்டு வார்த்தை.

லொறி அண்ணா, குளிர்காற்றும் ரேடியோவும் சில நிமிடத்துக்குத்தான். சிமியுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்த ஆய்வுகளிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. வெற்றிலை கொஞ்சம் சுறுசுறுப்புத் தரும், தூக்கத்தின் இடத்தை நிரப்பாது. சுவிங்கமும் அதே கதைதான் தம்பி.

உடம்புக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அது இரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு வரையும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நாலு வரையும் நம்மைக் கீழே இழுக்கும். டீச்சர் அக்காவின் வீட்டுக்காரர் காலை ஐந்து மணிக்கு எழும்பியிருந்தால், அடுத்த நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவர் 22 மணித்தியாலம் முழித்திருக்கிறார். 17 மணித்தியாலம் தொடர்ந்து முழித்திருந்தால் செயல்படும் வேகம் இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடையது மாதிரி ஆகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பல நாடுகளில் சட்ட வரம்பே அதுதான். 24 மணித்தியாலம் என்றால் அது 0.10 அளவுக்குப் போகும். ஒரு சொட்டும் குடிக்காதவர் என்று நாம் பெருமையாகச் சொல்கிற மனிதர், குடித்தவர் நிலையில் மலை ஏறுகிறார். பொலிஸ் ஊதச் சொன்னாலும் ஒன்றும் காட்டாது.

அவிசாவளையில் நிற்கும்போது செய்ய வேண்டியது இது. முதலில் ஒரு கோப்பி குடிக்க வேண்டும், பிளேன்டீ இல்லை. தேயிலையிலும் கஃபீன் இருக்கிறது, ஆனால் குறைவு. (தேயிலை நாட்டிலிருந்து இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.) குடித்த உடனே சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் தூங்க வேண்டும். கோப்பி வேலை செய்யவே 20, 30 நிமிடம் எடுக்கும், எழும்பும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழும்பின கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடாது. தூக்கத்திலிருந்து எழும்பி ஒரு கால்மணி நேரத்துக்குத் தலை தெளியாது. இறங்கி நடந்து, முகம் கழுவி, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் இதெல்லாம் ஒரு முழு இரவுத் தூக்கத்துக்குச் சமம் என்று நினைக்க வேண்டாம். ஹயர் உள்ள நாளில் பகல் ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் படுத்துவிட்டுக் கிளம்புவது எல்லாவற்றையும்விட நல்லது.

மலைநாட்டில் எல்லோருக்கும் தடிமன். பிரிட்டன் (Piriton) என்ற தடிமன் மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி எடுக்கிறார்களா என்று பாருங்கள். அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை பல மணித்தியாலம் தூக்கத்தைக் கொடுக்கும். இருமல் பாணிகள் சிலவும் அப்படித்தான். அப்புறம், அவர் சத்தமாகக் குறட்டை விடுகிறவரா, நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புகிறவரா? அப்படியென்றால் எவ்வளவு தூங்கினாலும் போதாது, ஒரு டொக்டரிடம் காட்ட வேண்டும்.

குளிருக்கு எல்லாக் கண்ணாடியையும் மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிட்டு, பத்துப் பேர் மூச்சு விட்டுக்கொண்டு போனால் சாரதிக்குக் கண் செருகாமல் என்ன செய்யும்? வெளிக்காற்று வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள்.


பதில்: தலவாக்கலை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'எல்லோருக்கும் ஒரே நாய்' என்ற இடத்தில் சிரித்தார். 22 மணித்தியாலக் கணக்கில் ஒன்றும் பேசவில்லை. குறட்டை உண்டு, ஆனால் மூச்சு நிற்பதில்லை. பிரிட்டன் போடுவார், அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய சிக்கல் வேறு. வேனில் வருகிறவர்கள் எயார்போர்ட்டில் அழுது ஓய்ந்தவர்கள். ஏறின உடனே எல்லோரும் தூங்கிவிடுவார்கள், பேச்சுக்கு ஆளில்லை. நடுவில் நிறுத்தினால் எழும்பி, 'ஏன் டிரைவர் நிப்பாட்டினீங்க, காலையில பெரட்டுக்குப் போகணும்' என்கிறார்கள் (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது). காசு கொடுத்தவர்களிடம் 'எனக்குத் தூக்கம் வருகிறது' என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். இன்னொன்று, நான் இப்போது அரை மணிக்கு ஒருதரம் அவருக்கு கோல் எடுத்து முழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கிறேன். அது நல்லதுதானே?


பதில்: பழைய டிப்போக்காரன்

கோல் எடுக்க வேண்டாம் தங்கச்சி. வளைவில் ஒரு கையில் போனை எடுப்பான், அது தூக்கத்தைவிட மோசம். அவர் நின்ற இடத்திலிருந்து உங்களுக்கு எடுக்கட்டும். அவிசாவளையில் படுக்கும்போது ஒன்று, கிளம்பும்போது ஒன்று, ஹட்டனில் ஒன்று. நடுவில் பிந்தினால் பிந்தட்டும். பிந்துகிறதே என்று நீங்கள் எடுத்தால், வீட்டில் தேடுகிறார்கள் என்று அவர் வேகம் கூட்டுவார்.

ஆட்கள் கோபப்படுவதைப் பற்றி. மூன்று மணிக்கு எழுப்பிச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். ஹயர் பேசும்போதே சொல்லிவிட வேண்டும். 'திரும்பும்போது அவிசாவளையில் ஒரு மணித்தியாலம் நிற்பேன், நீங்கள் டீ குடிக்கலாம், நான் படுப்பேன்.' விலை சொல்லும்போது சொன்னால் அது ஹயரின் ஒரு பகுதி. நடுவழியில் சொன்னால் அது டிரைவரின் குறை. தூக்கம் வருகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தால் என்ஜின் சூடு ஆற வேண்டும் என்று சொல்லட்டும், பொய்க்குப் பாவம் என்மேல். பெரட்டுக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும், லீவு போட்டிருப்பார்கள்.

முன் சீட்டில் யார் உட்கார்வது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். வழக்கமாக வயதான பெரியவரை மரியாதைக்காக முன்னால் உட்காரவைப்பார்கள், அவர் பியகம தாண்டுமுன்பே தூங்கிவிடுவார். பக்கத்தில் தூங்குகிறவரைப் பார்த்தால் சாரதிக்கும் தூக்கம் தொற்றும். திரும்பும்போது வாய் ஓயாத ஒரு இளவட்டத்தை முன்னால் போடச் சொல்லுங்கள். லொறிக்காரத் தம்பி சொன்ன கேள்வி வைத்தியம் எனக்கும் பிடித்திருக்கிறது. முதலாளி சிரிப்பதைப் பற்றி மட்டும் நீ கவலைப்படாதே தம்பி, விழுந்தால் அவருடைய லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.


பதில்: தலவாக்கலை டீச்சர்

பள்ளிக்கூட ஓட்டத்துக்கு லிந்துலையில் ஒருவரிடம் பேசியிருக்கிறார். அவருக்கும் எயார்போர்ட் ஹயர் வருமாம், மாறி மாறிச் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார். அடுத்த ஹயர் போயாவுக்கு (பௌர்ணமி லீவுக்கு) முந்தின இரவு. மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை, அதனால் அன்றைக்கு எப்படியும் அந்தக் கவலை இல்லை.


பதில்: பழைய டிப்போக்காரன்

போயாவா? அப்படியென்றால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது சிவனொளிபாதமலை சீசன், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை ஓடும். போயாவுக்கு முந்தின இரவில் மலை ஏறியவர்கள் சூரிய உதயம் பார்த்துவிட்டு, காலையில் நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் வழியாகவும் கினிகத்தேனைப் பக்கமாகவும் இறங்குவார்கள். பல வேன்களில் சாரதியும் கூடவே மலை ஏறியிருப்பான். இரவு முழுவதும் படி ஏறி இறங்கிய காலோடு பிரேக் மிதித்துக்கொண்டு வருவான். உங்கள் வீட்டுக்காரர் முழிப்பாக இருந்தாலும் எதிரே வருகிறவன் முழிப்பு என்று நம்பக்கூடாது. விடிந்திருந்தாலும் லைட்டை அணைக்காமல், இடப்பக்கத்தை ஒட்டி, குருட்டு வளைவுகளில் ஹோர்ன் அடித்து வரச் சொல்லுங்கள். அவிசாவளையில் இன்னும் அரை மணித்தியாலம் கூடப் படுத்தாலும் பரவாயில்லை. விடிந்த பிறகு கினிகத்தேனையில் பஸ் நெரிசலில் மாட்டுவார், மாட்டட்டும். ஊர்ந்து போகும்போது முன் லொறியின் பின் லைட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.


பதில்: ஓட்டோ தம்பி

அந்த லிந்துலை அண்ணனுக்குப் பிள்ளைகள் ஏறுகிற இடமெல்லாம் தெரியுமா அக்கா? டயகம ரோட்டில் ஒரு பிள்ளை பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும், பனியில் கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் உங்கள் வீட்டுக்காரர் கூடவே ஒரு ஓட்டம் போய்க் காட்டினால் நல்லது. பகல் ஓட்டத்தில் போகச் சொல்லுங்க, தூங்கி எழும்பின பிறகு.